இரண்டு பேருக்கு ஒரு கேம்: பிளேஸ்டேஷனா, ஸ்விட்சா, லேப்டாப்பா, பலகையா?

சித்தி மகள் போன மாதம் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து போன் செய்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். தீபாவளி போனஸில் மாப்பிள்ளைக்கு பிளேஸ்டேஷன், அதாவது டிவியில் இணைத்து ஆடும் கேம் பெட்டி, வாங்க ஆசை. "அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடலாம்னு சொல்றார், எனக்கு அந்தக் கன்ட்ரோலரைப் பிடிக்கவே தெரியாது, அம்பதாயிரம் போட்டு அவர் விளையாடறதை நான் உட்கார்ந்து பார்க்கணுமா?" என்றாள். அதே வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்: "என் வைஃபுக்கு கேம்னாலே பிடிக்கலைக்கா, எதை வாங்கினா அவளும் வந்து உட்காருவா?"

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெங்களூரில் அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு இரண்டு பேராகக் குடியிருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. அவுட்டர் ரிங் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் நின்று வீடு வந்து சேர்ந்த பிறகு மறுபடி வெளியே போக யாருக்கும் தெம்பில்லை, ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு தூங்கவும் மனசு வரவில்லை, வீட்டுக்குள்ளேயே சேர்ந்து செய்ய ஏதாவது வேண்டும்.

பெண்களுக்கு விளையாட்டு பிடிக்காது என்பதை நான் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. திருநெல்வேலியில் எங்கள் ஆச்சி பல்லாங்குழியில் உட்கார்ந்தால் பதினாலு குழியிலும் எத்தனை முத்து இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வாள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி தெருப் பெண்கள் எல்லாம் கூடிப் பரமபதம் ஆடி விடிய வைத்தார்கள். தாயக்கட்டை உருளும் சத்தத்தில் வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட நானே கல்யாணமான புதிதில் கணவரின் கன்ட்ரோலரை வாங்கி, அரை நிமிடத்தில் செத்து, "இரு, நான் காட்டறேன்" என்று அவர் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு இரண்டு வருடம் அதைத் தொடவில்லை.

பிறகுதான் புரிந்தது, என்னைத் தள்ளி நிறுத்தியது கதையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, அந்தக் கன்ட்ரோலரின் இரண்டு குச்சிகள். இடது கட்டைவிரல் ஆளை நடத்த வேண்டும், வலது கட்டைவிரல் அந்த ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பதைத் திருப்ப வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். சின்ன வயதிலேயே பழகியவர்களுக்கு அது சைக்கிள் ஓட்டுவது மாதிரி, யோசிக்கவே மாட்டார்கள். முதல் தடவை பிடிப்பவர் சுவரில் முட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பார். எங்கள் ஊரில் 2003, 2004 வாக்கில் பையன்கள் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி கேம் ஆடினார்கள். அண்ணன் போனான். என்னை அனுப்பவில்லை. அவனுடைய கையும் கண்ணும் அங்கே கற்றுக்கொண்டதை என் கை கற்கவே இல்லை, இத்தனை வருடம் கழித்து அதை "உனக்கு இன்ட்ரஸ்ட் இல்லை" என்று சொல்கிறார்கள். எனக்கு இது இன்னமும் வருத்தம்தான்.

1980-ல் ஜப்பானில் டோரு இவாடானி பேக்-மேன் என்ற கேமை உருவாக்கியபோது அவர் மனதில் இருந்ததும் இந்தக் கேள்விதான். அப்போது கேம் கூடங்களில் வேற்றுக்கிரகத்தாரைச் சுடும் ஆட்டங்களும் அவற்றைச் சுற்றி ஆண்களும்தான் நிறைந்திருந்தார்கள். பெண்களும் ஜோடியாக வருபவர்களும் உள்ளே வர வேண்டும் என்று அவர் சுடுவதை விட்டுவிட்டுச் சாப்பிடுவதை எடுத்துக்கொண்டார், பேய்களைக்கூட ஆளுக்கொரு நிறத்தில் பார்க்க அழகாகச் செய்தார். ஒரே குச்சி, நாலு திசை, அவ்வளவுதான். உலகமே ஆடியது. 2006-ல் நின்டென்டோ நிறுவனத்தின் வீ என்ற கேம் பெட்டி வந்தபோது கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசியது, பாட்டிகள்கூட ஆடினார்கள், அந்தப் பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது. ஆக, ஜோடிகளை நினைத்துச் செய்தவர்கள் நஷ்டப்படவில்லை. ஆனாலும் இன்று பெரிய பணம் போட்டு எடுக்கிற கேம்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இரண்டு குச்சி பழகியவருக்காக, அவர் தனியாக உட்கார்ந்து ஆடுவதற்காகவே வருகின்றன. கடையில் பெட்டியை எடுக்கும் முன் இது மனதில் இருக்கட்டும்.

## எதை வைத்து அளப்பது

கிராபிக்ஸ், டெராபைட், ஃபிரேம் எதையும் நான் பார்க்கப்போவதில்லை. ஐந்து கேள்விகள் போதும்.

முதல் பத்து நிமிடத்தில், கன்ட்ரோலரே பிடித்திராதவர் கூச்சப்படாமல் ஏதாவது ஒன்றைச் செய்து முடிக்க முடிகிறதா? எனக்கு இதுதான் மற்ற நாலையும்விடப் பெரியது.

இரண்டாமவருக்கு உண்மையான இடம் இருக்கிறதா, அல்லது முதல் ஆளின் வாலா? ஒருவர் தேர்ந்தவர், ஒருவர் புதியவர் என்றால் இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்க முடியுமா? வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடியுமா? கடைசியாக, பெட்டி விலையைத் தவிர இன்னும் எவ்வளவு கறக்கும்?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் அட்டவணை.

| தேர்வு | ஆரம்பச் செலவு | பின்னால் வரும் செலவு | முதல் பத்து நிமிடம் |
|---|---|---|---|
| பிளேஸ்டேஷன் 5 | 50,000 ரூபாயை ஒட்டி, மேலேயும் | இரண்டாவது கன்ட்ரோலர் சுமார் 6,000, புதுப் பெரிய கேம் 5,000 வரை | கஷ்டம் |
| நின்டென்டோ ஸ்விட்ச் | கடைக்குக் கடை மாறும் | விலை இறங்காத கேம்கள், பழுது பார்க்கும் தொல்லை | சுலபம் |
| வீட்டு லேப்டாப், இரண்டு கன்ட்ரோலர் | 3,000 முதல் 5,000 வரை | தள்ளுபடியில் வாங்கினால் குறைவு | கேமைப் பொறுத்தது |
| கையிலிருக்கும் போன் | இல்லை | விளம்பரம், உள்ளே காசு கேட்பது | சுலபம் |
| பலகை விளையாட்டு | சில நூறு முதல் 3,000 வரை | இல்லை | சுலபம் |

எக்ஸ்பாக்ஸ் என்ற இன்னொரு கேம் பெட்டியைத் தனியாக எழுதவில்லை. ஜோடியாக ஆடுவது என்று பார்த்தால் பிளேஸ்டேஷனுக்குச் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

## பிளேஸ்டேஷன் 5

இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. பெட்டிக்குள் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருக்கும். "சேர்ந்து விளையாடலாம்" என்று சொல்லி வாங்குகிறவர் முதல் நாளே இரண்டாவதுக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும், "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று விட்டால் அது தனி ஆள் பெட்டியாகவே தங்கிவிடும், என் வீட்டில் நடந்தது அதுதான்.

இந்தப் பெட்டியின் பேர்பெற்ற கேம்கள் பெரும்பாலும் ஒருவருக்கானவை. காட் ஆஃப் வார் கதையும் ஸ்பைடர்-மேன் கதையும் ஒற்றை ஆளுக்குத்தான். 2024-ல் ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கிய ஆஸ்ட்ரோ பாட் குட்டி ரோபோவோடு அத்தனை இனிமையாக இருக்கும், பார்த்தவுடன் இரண்டு பேரும் ஆடத் தோன்றும், அதிலும் ஒருவருக்குத்தான் இடம். எனக்கு நிஜமாகவே ஏமாற்றமாக இருந்தது.

விதிவிலக்கு உண்டு. ஹேஸ்லைட் என்ற ஸ்வீடன் நிறுவனம் 2021-ல் இட் டேக்ஸ் டூ என்ற கேமைக் கொண்டுவந்தது. விவாகரத்துக்குத் தயாரான கணவனும் மனைவியும் பொம்மைகளாகிவிடுகிறார்கள். தனியாக ஆடவே முடியாது, பெரும்பாலும் திரை இரண்டாகப் பிரிந்தே இருக்கும், ஒருவரிடம் ஆணி என்றால் மற்றவரிடம் சுத்தியல். அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதும் வாங்கியது. 2025-ல் அவர்களே ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன் கொடுத்தார்கள், அதில் இரண்டு நாயகிகள். ஜோடிகளுக்கு எல்லோரும் முதலில் சொல்வது இட் டேக்ஸ் டூதான், நானும் அதை நேசிக்கிறேன், ஆனால் முதல் கேமாகச் சொல்ல மாட்டேன். இரண்டு குச்சியும் வேண்டும், குதித்து, காற்றில் இன்னொரு தடவை குதித்து, பாய வேண்டும். புதியவர் பத்தாவது தடவை விழும்போது பக்கத்திலிருப்பவர் பெருமூச்சு விட்டால் அந்த மாலை அத்தோடு முடிந்தது. வேறு எதிலாவது மூன்று மாதம் கை பழகிய பிறகு ஆரம்பியுங்கள், அப்போது அதைப் போல ஒன்று கிடையாது.

யாருக்கு இது சரி? ஒருவர் ஏற்கெனவே ஆழமாக ஆடுபவர், மற்றவருக்குப் பார்ப்பதில் உண்மையான ஆசை என்றால். சில ஜோடிகளை எனக்குத் தெரியும், ஒருவர் கன்ட்ரோலர் பிடிக்க, மற்றவர் "அவனை நம்பாதே, அந்தக் கதவைத் திற" என்று முடிவெடுப்பார். டெட்ராய்ட்: பிகம் ஹியூமன் மாதிரி, நாம் எடுக்கும் முடிவால் கதை கிளை பிரியும் கேம்களில் இது அருமையாக நடக்கும். ஆனால் அது அவர் விருப்பமாக இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி. பெட்டியில் "மல்டிபிளேயர்" என்று போட்டிருந்தால் சோபாவில் இரண்டு பேர் ஆடலாம் என்று அர்த்தமாகாது. பல கேம்களில் அது ஆன்லைன் மட்டும், அதாவது இரண்டு பெட்டி, இரண்டு டிவி, மாதச் சந்தா. "லோக்கல் கோ-ஆப்" (ஒரே இடத்தில் சேர்ந்து ஆடுவது) அல்லது "ஸ்ப்ளிட் ஸ்கிரீன்" (திரையைப் பிரித்து ஆடுவது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆன்லைனில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடும் துப்பாக்கி கேம்களில், மைக்கில் பெண் குரல் கேட்டதும் என்ன நடக்கும் என்று ஆடிய பெண்கள் எல்லோருக்கும் தெரியும். நான் மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடினேன். மனைவிக்குப் பழக்கிவிடுவதற்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

## நின்டென்டோ ஸ்விட்ச்

முதல் பத்து நிமிடத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. பெட்டியின் இரண்டு பக்கமும் இருக்கும் ஜாய்-கான் என்ற குட்டிக் கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்று பிடித்தால் பல கேம்களில் அதுவே இரண்டு கன்ட்ரோலர். மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் வண்டி தானாக ஓடவும், சாலையை விட்டு விலகாமல் இருக்கவும் ஒரு வசதி உண்டு, புதியவர் முதல் பந்தயத்திலேயே பள்ளத்தில் விழாமல் முடிப்பார். 2023-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டரில் யோஷி, நாபிட் என்ற பாத்திரங்களில் ஒன்றை எடுத்தால் எதிரி மோதினாலும் அடிபடாது. தேர்ந்தவர் மாரியோவை எடுத்துக்கொள்ள, புதியவர் யோஷியை எடுத்துக்கொள்ள, இரண்டு பேரும் ஒரே திரையில் ஒரே வேகத்தில் ஓடலாம். திறமை சமமாக இல்லாத இரண்டு பேர் சேர்ந்து சிரிப்பதற்கு இவ்வளவு சின்ன ஏற்பாடு போதும், மற்ற நிறுவனங்களில் ஏன் இத்தனை குறைவாக இதைச் செய்கிறார்கள் என்று எனக்கு ஆதங்கம்.

மறைந்திருக்கும் செலவும் இதில்தான் அதிகம். ஸ்விட்ச் 2017-ல் வந்தது, நின்டென்டோ அதை இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு பக்கமோ ஆன்லைனிலோ வெளிநாட்டிலிருந்து வந்த சரக்குதான் கிடைக்கும். நிர்ணய விலை கிடையாது, பேரம்தான். வாரண்டி என்றால் கடைக்காரர் வாய்ச்சொல். நான் வாங்கிய கடையில் ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது மாதம் ஜாய்-கான் குச்சி தொடாமலே ஒரு பக்கம் நகர ஆரம்பித்தபோது, "அது யூஸ் பண்றதைப் பொறுத்துங்க மேடம்" என்றார்கள். இந்தக் குச்சிக் கோளாறு உலகம் முழுக்கப் பேசப்பட்டது, இங்கே கொண்டுபோய்க் கொடுக்க நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இல்லை, தெரிந்த மெக்கானிக்கைத்தான் தேட வேண்டும். கேம் வாங்கும் ஆன்லைன் கடைக்கும் இந்தியக் கணக்கு கிடையாது, வேறு நாட்டுக் கணக்கு திறக்க வேண்டும். நின்டென்டோவின் சொந்த கேம்கள் வருடங்கள் ஆனாலும் விலை இறங்காது. ஒரே ஆறுதல், பெட்டியில் செருகும் கேட்ரிட்ஜாக வாங்கினால் ஆடி முடித்து நல்ல விலைக்கு விற்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஸ்விட்ச் லைட் மலிவு என்று ஜோடிக்கு வாங்கிவிடாதீர்கள், அதில் கன்ட்ரோலர் கழலாது, டிவியிலும் இணையாது. தீவில் குடியேறி வாழும் கேமான அனிமல் கிராசிங் பெண்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டு வாங்குபவர்களுக்கு இன்னொன்று: ஒரு பெட்டிக்கு ஒரே தீவு. முதலில் ஆரம்பித்தவர்தான் தீவின் பிரதிநிதி, கதையை நகர்த்தும் முக்கிய வேலைகள் அவர் கையில், இரண்டாவதாக வருபவர் குடிவந்தவர் மட்டும். அன்பாக வாங்கிக் கொடுத்து, "நான் செட் பண்ணித் தரேன்" என்று கணவரே முதலில் ஆரம்பித்துவிட்டால் அந்தத் தீவு அவருடையதாகிவிடும். மனைவிக்காக வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து அவரே செய்யட்டும்.

யாருக்கு சரி? இரண்டு பேரும் புதியவர்கள், அல்லது ஒருவர் மட்டும் தேர்ந்தவர், பணத்தில் கொஞ்சம் தாராளம், ஊரிலிருந்து அக்கா பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

## வீட்டில் இருக்கும் லேப்டாப்

முதலில் ஒன்று: அது ஆபீஸ் லேப்டாப் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். கம்பெனி மெஷினில் கேம் ஏற்றி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சொந்த லேப்டாப் இருந்தால் டிவியோடு இணைக்க ஒரு எச்டிஎம்ஐ கேபிள், இரண்டு கன்ட்ரோலர், கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஒரு கணக்கு. இந்திய விலையில் கேம்கள், கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி. எனக்கு மிகவும் பிடித்தது, வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். புதியவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத நிலையில் இதைவிட என்ன வேண்டும்?

ஸ்டார்டியூ வேலி எரிக் பரோன் என்ற ஒரே ஆள் செய்த கேம், 2016-ல் வந்தது, இங்கே 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. தாத்தா விட்டுப்போன நிலத்தில் விவசாயம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். மேலிருந்து பார்க்கும் கேம் என்பதால் வலது குச்சியோடு போராட்டமே இல்லை. திரையைப் பிரித்து இரண்டு பேர் ஆடலாம், ஒருவர் தண்ணீர் ஊற்ற மற்றவர் சுரங்கத்துக்குப் போகலாம், யாரும் யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. கேமில் ஒரு நாள் என்பது சுமார் 14 நிமிடம், அரை மணியில் இரண்டு நாள் முடிந்துவிடும். இரண்டு பேரும் படுத்தால் நாள் முடியும். பணப்பை பொதுவா, தனித்தனியா என்றுகூட நீங்களே முடிவு செய்யலாம். ஒரு குறை, ஒருவர் பையைத் திறந்து யோசித்துக்கொண்டிருந்தாலும் கடிகாரம் ஓடும்.

கன்ட்ரோலரே வேண்டாம் என்றால் கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ். ஒருவர் திரையில் வெடிகுண்டைப் பார்க்கிறார், மற்றவர் திரையைப் பார்க்காமல் கையேட்டைப் படித்து எந்த ஒயரை வெட்டுவது என்று சொல்கிறார். கையேடு இலவசம், தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். இதில் கேம் பழக்கம் ஒரு பொருட்டே இல்லை, தெளிவாகச் சொல்பவரும் பொறுமையாகக் கேட்பவரும்தான் வேண்டும். என் கணவரைவிட நான் கெட்டிக்காரி என்று இரண்டு பேருக்கும் தெரியவந்தது இந்த கேமில்தான்.

ஓவர்குக்டு பற்றிக் கேட்பார்கள். சமையலறையில் ஓடி ஓடி ஆர்டர் முடிப்பது, பார்க்க எளிது, ஆனால் நேரம் துரத்தும், "வெங்காயம் எங்கே" என்று கத்த ஆரம்பித்துவிடுவோம். ஆல் யூ கேன் ஈட் பதிப்பில் நேரத்தை நீட்டிக்கும் உதவி வசதி உண்டு, அதைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள்.

வெண்பாவை மட்டும் சொல்லாமல் விட முடியாது. டொரொன்டோவின் விசாய் கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை, அம்மாவின் பழைய சமையல் குறிப்பில் அழிந்துபோன வரிகளைக் கண்டுபிடித்து இட்லி வேக வைக்க வேண்டும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. ஒருவர் ஆடும் கேம்தான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பக்கத்தில் உட்கார்ந்து "அதை முதல்ல போடு" என்று சொல்லாமல் எந்தத் தமிழ் வீட்டிலும் யாராலும் இருக்க முடியாது. என் அம்மாவோடு ஆடினேன். கடைசியில் அவள் அழுதாள்.

## போன்

செலவில்லை, இரண்டு பேர் கையிலும் இருக்கிறது. மணிக்கணக்கில் கேண்டி க்ரஷ் ஆடும் பெண்களை யாரும் "கேமர்" என்று கூப்பிடுவதில்லை, அது அநியாயம். 2020 ஊரடங்கில் லூடோ கிங் ஆடாத வீடு இருந்ததா? தாயம் ஆடிய பழக்கம்தான் அது.

ஆனால் ஜோடிக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. ஆளுக்கொரு திரையில் தலை குனிந்திருப்பது ஏற்கெனவே இருக்கும் பிரச்சினை, நடுவில் விளம்பரம் வேறு. ஒருவர் சென்னையிலும் ஒருவர் இங்கேயும் வேலை பார்க்கிறார்கள் என்றால் மட்டும் இதுதான் முதல் தேர்வு.

## பலகை விளையாட்டு

வீடியோ கேம் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். வேண்டியது இரண்டு பேர் சேர்ந்திருக்கும் அரை மணி நேரம் என்றால், பல வீடுகளுக்கு இதுவே சரியான விடை, பெட்டி விற்கும் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்துவிட்டு வருபவர்களுக்குக் கண்ணுக்கும் ஓய்வு. இருவருக்கென்றே செய்த பேட்ச்வொர்க் அரை மணியில் முடியும், துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கும் ஆட்டம். போட்டி வேண்டாம் என்பவர்களுக்கு பேன்டமிக், எல்லோரும் ஒரே கட்சி, ஆனால் தேர்ந்தவர் மற்றவர் காயையும் சேர்த்து நகர்த்தச் சொல்ல ஆரம்பித்தால் கெட்டுவிடும். நல்ல வெளிநாட்டு ஆட்டங்கள் 2,000 ரூபாயைத் தாண்டும், வாங்கும் முன் கோரமங்கலா, இந்திராநகர் பக்கம் போர்டு கேம் வைத்திருக்கும் கஃபேயில் ஒரு சனிக்கிழமை ஆடிப் பாருங்கள். ஊரில் பரணில் கிடக்கும் பல்லாங்குழியைக் கொண்டுவந்தால் அதுவும் செலவில்லை.

## சித்தி மகளுக்கு நான் சொன்னது

பிளேஸ்டேஷனை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொன்னேன். மாப்பிள்ளையின் சொந்த லேப்டாப் இருக்கிறது, இரண்டு கன்ட்ரோலர் மட்டும் வாங்குங்கள், முதல் மாதம் ஸ்டார்டியூவும் வெடிகுண்டு கேமும், அவள் கேட்காமல் அவர் கன்ட்ரோலரைத் திரும்ப வாங்கக் கூடாது. மூன்று மாதம் கழித்தும் இரண்டு பேருக்கும் ஆசை இருந்தால் இட் டேக்ஸ் டூ, அது லேப்டாப்பிலும் ஆடலாம். அதன் பிறகும் பெட்டி வேண்டும் என்றால் எது என்று அவளும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். அலுவலகத் தம்பிக்கு வீட்டில் ஆபீஸ் லேப்டாப் மட்டும்தான், அவருக்கு ஸ்விட்ச் என்று சொன்னேன், பில் போட்டுக் கொடுக்கும் கடையாகப் பார்த்து.

முந்தாநாள் ராத்திரி பத்தரைக்கு அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. டிவியில் இரண்டாகப் பிரிந்த திரை, ஒரு பக்கம் வரிசையாக உருளைக்கிழங்குச் செடி. கீழே ஒரு வரி: "அக்கா, பணப்பையைத் தனித்தனியா வெச்சிருக்கோம், அவர் என்கிட்ட விதைக்குக் கடன் கேட்கறார்."